புரோபயாட்டிக் உறை: தயிர் ஏன் இளகுது, ஏன் நூல் விடுது?

தயிர்ப்பானை:
புரோபயாட்டிக், அதாவது குடலுக்கு நல்லது என்று சேர்க்கும் பாக்டீரியா, வகையில் ஒன்றான ஆசிடோபிலஸ் காப்ஸ்யூலை மட்டும் பிரித்துப் பாலில் கொட்டினால், 12 மணி நேரம் கழித்தும் கிண்ணத்தைச் சாய்த்தால் தளதளவென்று ஓடும். பால் புரதத்தை உடைத்துத் தின்னும் திறன் அதற்குக் குறைவு. இன்னொரு புரோபயாட்டிக்கான பிஃபிடோ இன்னும் மந்தம். தயிரைக் கட்ட வைப்பது ஸ்ட்ரெப்டோகாக்கஸ் தெர்மோபிலஸ் என்ற பாக்டீரியாதான். அதுவும் சேர்ந்த கலப்பு உறையாகப் பார்த்து வாங்குங்கள்.

1 லிட்டர் பாலுக்கு 25 கிராம் கொழுப்பு நீக்கிய பால் பவுடர் கரைத்து, 85 டிகிரியில் 30 நிமிடம் வைக்கணும். பொங்கியதும் இறக்கினால் பத்தாது. மோர்ப்புரதம் வெந்து பாலின் முக்கியப் புரதமான கேசினோடு ஒட்டினால்தான் தயிரில் தண்ணீர் பிரியாது. பிறகு ஆறவிட்டு உறை கலந்து, 38–40 டிகிரியில் வையுங்கள். 43இல் சீக்கிரம் உறையும், ஆனால் புரோபயாட்டிக் பின்தங்கிவிடும். புளிப்பைக் காட்டும் அளவான பிஎச் 4.6 தொட்டதும் ஃபிரிட்ஜுக்குள் போகணும்.

உறைமோர்:
‘எதுக்கும் இருக்கட்டும்’ என்று வீட்டுத் தயிர் ஒரு கரண்டி சேர்க்கவே சேர்க்காதீங்க. அதில் பல்காரிகஸ் என்ற தயிர் பாக்டீரியா இருந்தால் ஃபிரிட்ஜிலும் புளிக்க வைத்துக்கொண்டே இருக்கும். புளிப்பு ஏற ஏற பிஃபிடோ செத்துவிடும். லேபிளில் பெயர் போட்ட நுண்ணுயிர் கடைசித் தேதி வரை கிராமுக்கு 10 லட்சமாவது உயிரோடு இருக்கணும் என்பது கோடெக்ஸ் என்ற சர்வதேச உணவுத் தரம். அதனால்தான் பல்காரிகஸ் இல்லாத உறைகளே விற்பனைக்கு இருக்கின்றன. அதில் தயிர் மணம் கொஞ்சம் மட்டுப்படும், அதை ஏற்றுக்கத்தான் வேணும்.

பிஃபிடோவுக்குக் காற்றும் ஆகாது. உறை ஊற்றிய பிறகு நுரைக்க அடிக்காமல், கண்ணாடிப் பாட்டிலில் கழுத்து வரை நிரப்பி மூடுங்க. லேசான வினிகர் வாடை வந்தால் பிஃபிடோ ஓங்கிவிட்டது என்று அர்த்தம். அது அசிட்டிக் அமிலமும் விடும்.

ஏடு:
ஸ்பூனைத் தூக்கினால் நூல் நூலாக வருவதைக் கெட்டுப்போனதாக நினைத்துக் கொட்டிவிடுகிறார்கள். வாசனை சரியாக இருந்தால் பெரும்பாலும் அது சில தெர்மோபிலஸ் வகைகள் சுரக்கும் பசைச் சர்க்கரைதான். உறைய வைக்கும் சூடு குறைவாக இருந்தால் நூல் கூடும். கெட்டவாடை, நிறமாற்றம் இருந்தால் மட்டும் கொட்டுங்கள்.

எல்லாம் சரியாகச் செய்தும் பால் உறையவே இல்லையா? கறந்த பாலாக இருந்தால், மாட்டுக்கு மடிநோய் ஊசி போட்டார்களா என்று முதலில் கேளுங்கள். துளி பென்சிலின் இருந்தாலும் தெர்மோபிலஸ் எழாது, காய்ச்சினாலும் அந்த மருந்து முழுசாகப் போகாது.

உறைமோர்:
@ஏடு, ரொம்பச் சரி. இன்னொன்று: இந்தப் புரோபயாட்டிக் தயிரிலிருந்தே மறுபடி மறுபடி உறை எடுத்தால் வேகமாக வளர்வதுதான் மிஞ்சும், புரோபயாட்டிக் தேய்ந்துவிடும். மூன்றாம் தடவைக்குப் புதுப் பாக்கெட் பிரிச்சிடுங்க.