ரோஸ்மேரி உப்பு பிஸ்கட் மறுநாளே நமுத்துப் போகுது, நடுவுல விரிசலும் விடுது. என்ன பண்ணலாம்?

ஊட்டி_சமையலறை: ரோஸ்மேரி, தைம் பச்சை இலை போட்டு உப்பு பிஸ்கட் செய்யறேன். மைதா 250 கிராம், உப்பு வெண்ணெய் 125 கிராம், தயிர் 2 மேசைக்கரண்டி, பேக்கிங் பவுடர் 1 தேக்கரண்டி, உப்பு 1 தேக்கரண்டி, சர்க்கரை 2 தேக்கரண்டி, நறுக்கின இலை 3 மேசைக்கரண்டி. கிட்டத்தட்ட 8 மில்லிமீட்டர் கனத்துல தேச்சு, ஓடிஜியில (கம்பி சூடாகற சின்ன மின்சார அடுப்பு) 190 டிகிரி, 12 நிமிஷம். எடுக்கும்போது ஓரம் சிவந்து மொறுமொறுப்பா இருக்கு. மறுநாள் நடு நமுத்துடுது, சிலதுல மயிரிழை மாதிரி விரிசல். மேல தெரியற ரோஸ்மேரி கருகிக் கசக்குது. பனிக்காத்துதான் காரணமா, இல்ல அளவே தப்பா?

கோத்தகிரி_அடுப்பு: பனிக்காத்துக்கும் பங்கு உண்டு, ஆனா முதல் காரணம் பிஸ்கட்டுக்குள்ள தங்கின ஈரம்தான். அந்த விரிசலே அதுக்குச் சாட்சி. ஓரம் காய்ஞ்சு நடு ஈரமா வெளிய வந்தா, ஆறின பிறகு உள்ளிருக்கற ஈரம் ஓரத்துக்கு நகரும். ஓரம் உப்பும், நடு சுருங்கும், ரெண்டுக்கும் நடுவுல பிளந்துக்கும். 190 டிகிரியில நிறம் சீக்கிரம் வந்துடும். நிறத்தைப் பாத்து எடுத்தா உள்ள காய நேரமே கிடைக்காது.

தயிரை விட்டுடுங்க. 2 மேசைக்கரண்டியில பெரும்பங்கு தண்ணிதான். வெண்ணெயிலயும் ஏறக்குறைய 16 சதவீதம் தண்ணி இருக்கு. 90 கிராம் வெண்ணெய், 25 கிராம் நெய்னு மாத்துங்க, நெய்யில தண்ணி கிடையாது. பிசைய குளிர்ந்த பால் 30 மில்லி போதும். உப்பு வெண்ணெய்னா தனி உப்பு அரைத் தேக்கரண்டிக்கு மேல வேண்டாம். இந்தக் குளிர்ல வெண்ணெய் கல்லா இருக்கேன்னு உருக்கி ஊத்தாதீங்க, மாவு எண்ணெய் விட்டு அடுப்புல பரவிடும். கேரட் துருவியில துருவி, விரல் நுனியால மாவோட உதிர்த்துக்கோங்க.

கனம் 4 மில்லிமீட்டர். முள்கரண்டியால அடி வரைக்கும் குத்துங்க, ஆவி வெளிய போக வழி வேணும். 160 டிகிரியில 20 முதல் 22 நிமிஷம் வெச்சு, அடுப்பை அணைச்சு, கதவை ஒரு விரல் அளவு திறந்து 15 நிமிஷம் உள்ளயே விடுங்க. நம்ம ஊர் வர்க்கி, அதான் அடுக்கடுக்கான அந்த மொறு பிஸ்கட், விறகடுப்புல இறங்கற சூட்டுலயே நிதானமா காயறதாலதான் அந்த மொறுமொறுப்பு.

நிறத்தை நம்பாம எடை போடுங்க. இந்த அளவுல பிசைஞ்ச மாவு 100 கிராம் போட்டா, ஆறின பிஸ்கட் 84 கிராம் பக்கம் வரணும். 88, 89 இருந்தா இன்னும் காயல.

கொடை_மூலிகை: இலையைப் பத்திச் சொல்றேன். கழுவின இலையை அப்படியே நறுக்காதீங்க. துணியில பரப்பி, தொட்டா ஈரம் ஒட்டாத வரைக்கும் ஆறட்டும். ரோஸ்மேரியை தண்டுல இருந்து உருவி, கடுகு அளவுக்குப் பொடிசா நறுக்கணும். முழு ஊசியா மேல ஒட்டினா சூடு நேரா பட்டுக் கருகும், கசப்பும் அங்கிருந்துதான் வருது. மேல தூவறதை நிறுத்திட்டு, நறுக்கினதை வெண்ணெயிலயே கலந்துடுங்க. மணம் கொழுப்புல நல்லா இறங்கும். 250 கிராம் மைதாவுக்கு ரோஸ்மேரி 1 மேசைக்கரண்டி தாராளம். மிச்சம் தைம் போடுங்க, அது இவ்வளவு காட்டமா இருக்காது.

பேக்கிங் பவுடரையும் பாதியாக்குங்க. ஊட்டி உயரத்துல காத்தழுத்தம் கடல்மட்டத்தைவிட நாலுல ஒரு பங்கு கிட்ட குறைவு. அதே வாயு அதிகமா விரியும், பிஸ்கட் புசுபுசுன்னு ஆகும், கடிச்சா உடையாது.

குன்னூர்_ஓடிஜி: சாயங்காலம் சுடறீங்களா? வோல்டேஜ் 230ல இருந்து 200க்கு இறங்கினா கம்பியோட சூடு கால் பங்கு குறையும். கதவைத் திறந்து மூடின பிறகு பழைய சூட்டுக்கு ஏற ரொம்ப நேரம் எடுக்கும். 15 நிமிஷம் முன்சூடு பண்ணுங்க, உள்ள ஒரு அடுப்பு வெப்பமானி வைங்க. தட்டு நடு அடுக்குல இருக்கட்டும்.

ஊட்டி_சமையலறை: எல்லாம் மாத்திப் பண்ணினேன். கசப்பு போயிடுச்சு, விரிசலும் இல்ல. ஆனா 400 கிராம் மாவு 352 கிராம்லதான் நிக்குது. மைதா கூட்டணுமா?

கோத்தகிரி_அடுப்பு: மைதா வேண்டாம், மாவு உதிர்ந்துடும். 400க்கு 336 வரணும், இன்னும் 16 கிராம் தண்ணி உள்ள இருக்கு. பிஸ்கட்டைக் கம்பித்தட்டுல அடுக்கி 130 டிகிரியில 10 நிமிஷம் வெச்சு மறுபடி எடை பாருங்க. இந்தச் சூட்டுல நிறம் ஏறாது, ஈரம் மட்டும் போகும். தேய்க்கறப்ப கனம் கூடியிருக்கும், அடுத்த தடவை ரெண்டு பக்கமும் 4 மில்லிமீட்டர் சட்டம் வெச்சு அது மேல உருட்டுக்கட்டையை ஓட்டுங்க.

கொடை_மூலிகை: டப்பாவுல போடறதைக் கவனிங்க. கைச்சூடு இருக்கறப்பவே மூடினா ஆவி உள்ளயே நீராகும். முழுசா ஆறின பிறகும் வெளிய விட்டா மூடுபனி ஈரத்தை இழுத்துக்கும். தொட்டா சூடு தெரியாத நிமிஷமே இறுக்கமான எவர்சில்வர் டப்பாவுல போட்டுடுங்க. ஊட்டியில ஆடி மாசம், குன்னூர் கோத்தகிரி பக்கம் ஐப்பசி கார்த்திகை, இந்த நாள்ல பெரிய டப்பா வேண்டாம், திறக்கத் திறக்க ஈரக்காத்து போகும். ரெண்டு நாளைக்கு ஆகற அளவுக்குச் சின்ன டப்பாக்களாப் பிரிச்சு வைங்க.