அப்போப்டோசிஸ்: ‘உயிரணுத் தற்கொலை’க்கு மாற்றாக ‘வீவு’

நண்பர்களுக்கு வணக்கம்.

உயிரணு தன்னைத்தானே ஒழுங்காக முடித்துக்கொள்ளும் இறப்பு முறையே அப்போப்டோசிஸ். அதற்குத் தமிழில் ‘உயிரணுத் தற்கொலை’ என்றே வைத்துக்கொள்ளலாம் என்ற திசையில் இம்மடலாடல் இழை நகர்வதால், என் மறுப்பையும் மாற்றுச் சொல்லையும் பதிவு செய்கிறேன்.

தற்கொலை என்பது செய்தித்தாளின் தலைப்புக்கு உதவலாம்; ஆய்வுக்கூடத்துக்கு உதவாது. சீனோராப்டைட்டிஸ் எலிகன்ஸ் என்னும் இருபால் உருளைப்புழு வளரும்போது உண்டாகும் 1,090 உடலணுக்களில் 131 அணுக்கள் மடிகின்றன. எவை மடியும் என்பதும் புழுவுக்குப் புழு மாறுவதில்லை. மனமுடைந்த அணு எதுவும் அங்கே இல்லை. ‘திட்டமிட்ட உயிரணு இறப்பு’ என்ற பரிந்துரையையும் ஏற்பதற்கில்லை. அது பட்டுப்பூச்சியின் தசைகள் மறைவதை ஆராய்ந்தவர்கள் 1964இல் பயன்படுத்திய ‘programmed cell death’ என்ற வேறொரு தொடரின் மொழிபெயர்ப்பு. கதிர்வீச்சால் சேதமுற்ற அணு அப்போப்டோசிஸ் முறையில் மடியும்போது அதில் வளர்ச்சித் திட்டம் என்று ஒன்றுமில்லை.

கெர், வைலி, கரி ஆகிய நோயியலாளர் மூவரும் 1972இல் அப்போப்டோசிஸ் என்ற சொல்லை வெளியிட்டபோது, அதை எடுத்துக்கொடுத்தவர் அபர்டீன் பல்கலைக்கழகத்தின் கிரேக்கப் பேராசிரியர் ஜேம்ஸ் கார்மக். பூவிலிருந்து இதழும் மரத்திலிருந்து இலையும் உதிர்வதே அதன் பொருள். நுண்ணோக்கியில் அவர்கள் கண்டதும் அத்தகைய அடக்கமான முடிவுதான்: அணு சுருங்குகிறது, குரோமாட்டின் (டிஎன்ஏவும் புரதமும் சேர்ந்த பொருள்) திரள்கிறது, சவ்வு கிழியாமலே அணு சிறு பொதிகளாகப் பிரிய, அண்டை அணுக்கள் அவற்றை விழுங்கிவிடுகின்றன. நசிவிலோ (நெக்ரோசிஸ், அதாவது காயமுற்று இறப்பதில்) அணு வீங்கி வெடித்து, உள்ளிருப்பவை கசிந்து, அழற்சி மூளுகிறது.

அரும்பு, மொட்டு, முகை, மலர் என்று பருவந்தோறும் பூவுக்குப் பெயர் வைத்த தமிழில், உதிரும் பூவுக்கு ‘வீ’ என்று பெயர். ‘வீதல்’ என்றால் மடிதல். அதன் பெயர்ச்சொல்லான ‘வீவு’ சாவு என்ற பொருளில் அகராதியிலேயே இருக்கிறது. கிரேக்கம் உவமையால் சொன்னதைத் தமிழ் ஒரே எழுத்துக்குள் வைத்திருக்கும்போது, நாம் ஏன் தற்கொலையைத் தேடிப்போக வேண்டும்?

‘உதிர்வு’ போதாதா என்று முந்தைய மடலில் கேட்கப்பட்டது. எளிய சொல்தான், ஆனால் தோலின் மேலணுக்கள் உண்மையாகவே உதிர்கின்றன, அதற்கு அச்சொல் வேண்டும். ‘வீவு’ புழக்கத்தில் இல்லை என்பதைக் குறையாக நான் கருதவில்லை, வேறு பொருள் வந்து ஒட்டாது. ‘வீழ்வு’ என்று தவறாகப் படிப்பார்கள் என்ற அச்சம் மட்டும் நியாயமானது.

கிளைச்சொற்களும் இடர்ப்படவில்லை: ‘அணு வீந்தது’, ‘வீயும் அணு’, ‘வீவூக்கிப் புரதம்’. பிசிஎல்-2 ஒரு ‘வீவுத்தடைப் புரதம்’; ஃபாலிகுலர் லிம்போமா என்ற புற்றுநோயில் அது மிகுவதால் வீய வேண்டிய அணுக்கள் தங்கிவிடுகின்றன என்று தயக்கமின்றி எழுத முடிகிறது. இரும்பைச் சார்ந்து அணு இறக்கும் முறையாக 2012இல் பெயரிடப்பட்ட ஃபெரோப்டோசிஸை ‘இரும்புவழி வீவு’ எனலாம். நசிவைப் போலத் தோன்றினாலும் அணுவே நெறிப்படுத்தும் இறப்பான நெக்ரோப்டோசிஸுக்கு நான் முயன்ற ‘நசிவீவு’ எனக்கே பிடிக்கவில்லை. அதற்கு மட்டும் உங்கள் பரிந்துரைகளைக் கேட்கிறேன்.