உதவி தேவை: பழைய படமொன்றின் பக்கத்தில் நான் எழுதிய பகுதி நிற்கவில்லை

கனகபுரத்தான்
வணக்கம். எல்லோரும் கூடி எழுதும் இணையக் கலைக்களஞ்சியத்தில், பழைய இலங்கைத் தமிழ்ப் படம் ஒன்றின் பக்கத்தில் "வரவேற்பு" என்றொரு பகுதியைச் சேர்த்தேன். சேமித்துச் சிறிது நேரத்தில் அது காணாமற் போகிறது. திரும்பச் சேர்த்தாலும் அதே கதைதான். இப்போது பக்கத்தின் தலைப்பில் நடுநிலை பற்றிய அறிவித்தலும் தொங்குகிறது. நான் எழுதியதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. படத்தைத் திரையரங்கில் பார்த்தவர் எங்கள் வீட்டிலேயே இருக்கிறார். அவசரம், யாராவது வழி சொல்லுங்கள்.

இரணைமடுக் காற்று
எந்தப் படம், எந்த ஆண்டு? கணக்குத் திறந்து எழுதினீர்களா? நீக்கியவர் பக்க வரலாற்றில் என்ன காரணம் குறிப்பிட்டிருக்கிறார்? இவை தெரியாமல் எவராலும் மருந்து சொல்ல முடியாது, தம்பி.

ஓமந்தை வாசி
இது கைத்தொலைபேசி இணையத்தால் வரும் வினை என்பதே என் கருத்து. நம் பகுதியில் ஒரே ஐ.பி. முகவரி பலருக்குப் பொதுவாகப் போகிறது. எவனோ செய்த விஷமத்துக்கு நீங்கள் பழி சுமக்கிறீர்கள். வேறு சிம் போட்டு எழுதிப் பாருங்கள்.

இரணைமடுக் காற்று
முகவரி தடைப்பட்டிருந்தால் சேமிக்கவே விட்டிராது. இவருக்குச் சேமிப்பாகிப் பின்னர் நீக்கப்படுகிறது, ஆகவே நீக்குபவர் ஓர் ஆள். அந்த ஆள் காரணமும் எழுதியிருப்பார்.

ஓமந்தை வாசி
இருந்தாலும் சிம்மை மாற்றிப் பார்ப்பதில் நட்டமில்லை.

பழம்பயனர்
இந்தக் கேள்வியைக் கேட்டுக்கொண்டு ஒவ்வொரு மாரிக்கும் ஒருவர் வந்துவிடுகிறார். மெய்யறிதன்மை (எழுதியதை மூலத்தில் சரிபார்க்க முடிதல்), நடுநிலை நோக்கு, புத்தாய்வு கூடாமை (மூலத்தில் இல்லாத முடிவை நாமே எழுதாமை) என்ற மூன்று கொள்கைப் பக்கங்களும் தமிழிலேயே இருக்கின்றன. அவற்றைப் படித்து, மணல்தொட்டி என்ற பயிற்சிப் பக்கத்தில் எழுதிப் பழகி, பிறகு பக்கத்தில் கை வைப்பதுதான் முறை. வீட்டில் இருப்பவர் பார்த்தார் என்பது மேற்கோள் ஆகாது.

முறிகண்டிப் பிள்ளை
ஐயா, கொள்கையைப் படித்துவிட்டு எவரும் பிறப்பதில்லை. தம்பி, படத்தின் பெயரையும் நீங்கள் எழுதிய வரிகளையும் அப்படியே இங்கே இடுங்கள்.

கனகபுரத்தான்
பொன்மணி. எழுதியது இதுதான்: "மக்களின் அறியாமையால் தோல்வியடைந்த, இலங்கைத் தமிழ்த் திரையுலகின் ஒப்பற்ற காவியமான இப்படம், இன்று எண்ணற்ற இளைஞர்களின் உள்ளங்களில் வாழ்கிறது." என் பெரியப்பா 1977 இல் யாழ்ப்பாணத்தில் பார்த்தார். படத்தின் பாட்டுப் புத்தகமும் அவரிடம் உண்டு. எல்லா இடம்பெயர்விலும் காணி உறுதியோடு ஒரே பொலித்தீன் பையில் சுற்றிக் கொண்டு திரிந்தவர்.

முறிகண்டிப் பிள்ளை
இனிப் பேசலாம். உங்கள் ஒரு வரிக்குள் மூன்று தீர்ப்புகள் இருக்கின்றன. தோல்விக்கு மக்களின் அறியாமைதான் காரணம் என்று யார் சொன்னார்? ஒப்பற்றது என்பது யாருடைய மதிப்பீடு? எண்ணற்ற இளைஞர்கள் என்று எவர் எழுதியிருக்கிறார்? மூன்றுக்கும் விடை "நான்" என்றால், நீக்கியவர்மீது குற்றமில்லை. இந்தப் படத்துக்கென்று ஒரு சிறு கூட்டம் உயிரை விடுவது எனக்கும் தெரியும், நானும் அதில் ஒருத்திதான். ஆனால் அந்தப் பற்றைக் கலைக்களஞ்சியம் தன் குரலில் பேசக்கூடாது. பேசியவரின் பெயரோடு எடுத்துச் சொல்லலாம்.

ஆகவே உறுதியானவற்றில் தொடங்குங்கள்: "பொன்மணி 1977 இல் வெளிவந்த இலங்கைத் தமிழ்த் திரைப்படம். காவலூர் ராசதுரையின் எழுத்தில், தர்மசேன பத்திராஜா இயக்கினார். யாழ்ப்பாணச் சமூகத்தின் சாதி, சீதனச் சிக்கல்களைப் படம் பேசுகிறது." வரவேற்புப் பகுதியில், இன்ன விமர்சகர் இன்ன இதழில் இன்ன ஆண்டில் இப்படி எழுதினார் என்று ஆளையும் இடத்தையும் சுட்டுங்கள். ஏசியவர் இருந்தால் அவரையும் சேருங்கள். புகழ்ச்சியை மட்டும் பொறுக்கி அடுக்கினால், ஒவ்வொரு வரிக்கும் மேற்கோள் இருந்தாலும் பக்கம் சாய்ந்துதான் நிற்கும்.

இரணைமடுக் காற்று
"அவள் அப்படித்தான்" 1978 இல் வந்தபோது வசூலில் தேறவில்லை, பின்னாளில் விமர்சகர்கள் தலையில் வைத்துக் கொண்டாடினார்கள். அதைப் பற்றி எழுதுபவருக்கு இருக்கும் வசதி, இரண்டு காலத்துக்கும் அச்சில் சான்று கிடைப்பதே. நமக்கு முதற்காலச் சான்று கிடைப்பதுதான் பாடு.

புளியங்குளம் சந்தி
கிடைக்காததற்குக் காரணத்தையும் எழுதச் சொல்லுங்கள். 1981 இல் யாழ். நூலகம் எரிந்தது, 1983 ஜூலையில் ஹெந்தளையில் விஜயா ஸ்ரூடியோ எரிந்தது. எங்கள் படச்சுருள்கள் போனது அங்கேதான். "இப்படமும் கலவரத்தில் அழிந்தது" என்று பக்கத்தில் தெளிவாகப் போட வேண்டும்.

பழம்பயனர்
போடக்கூடாது. ஸ்ரூடியோ எரிந்தது என்று ஒரு மூலம் சொல்கிறது. இந்தப் படத்தின் சுருள் அங்கே இருந்தது என்று இன்னொரு மூலம் சொல்ல வேண்டும். ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை நாமே முடிந்துவிடுவதற்குப் பெயர்தான் புத்தாய்வு.

புளியங்குளம் சந்தி
எரித்தவன் பற்றுச்சீட்டுக் கொடுத்துவிட்டா போனான்?

முறிகண்டிப் பிள்ளை
உங்கள் கோபம் நியாயம் அண்ணை, ஆனால் பழம்பயனர் சொல்வதும் சரி. ஸ்ரூடியோ எரிப்பை இலங்கைத் தமிழ்த் திரைப்படத் துறை பற்றிய பொதுப் பக்கத்தில் மேற்கோளோடு எழுதுங்கள். அங்கே அதற்கு இடமுண்டு. "இலங்கைத் தமிழ்ச் சினிமாவின் கதை" என்று தம்பிஐயா தேவதாஸ் எழுதிய நூல் அந்தப் பக்கத்துக்கு முதுகெலும்பு.

இரணைமடுக் காற்று
அந்தப் பொதுப் பக்கத்தில் முதற்படம் தோட்டக்காரி (1963) என்றே இருக்க வேண்டும். யாரோ மாற்றிக்கொண்டே இருக்கிறார்கள்.

புளியங்குளம் சந்தி
மாற்றுபவர் சரியாகத்தான் மாற்றுகிறார். சமுதாயம் 1962 இல் வந்துவிட்டது.

இரணைமடுக் காற்று
அது 16 மி.மீ. படம். திரையரங்குகளில் வழக்கமாக ஓடிய 35 மி.மீ. அளவில் முதலாவது தோட்டக்காரிதான்.

புளியங்குளம் சந்தி
அளவு சிறிதென்றால் படமில்லையா? இப்படிப் பார்த்தால் அதே 16 மி.மீ. அளவில் வந்த பாச நிலாவையும் பட்டியலிலிருந்து தூக்க வேண்டிவரும்.

பழம்பயனர்
"1962 இல் 16 மி.மீ. அளவில் சமுதாயமும், 1963 இல் 35 மி.மீ. அளவில் தோட்டக்காரியும் வெளிவந்தன" என்று எழுதினால் இருவரும் வீட்டுக்குப் போகலாம். அந்தப் பக்கத்தின் பேச்சுப் பக்கத்தில் இது தீர்க்கப்பட்ட விடயம்.

இரணைமடுக் காற்று
நான் தீர்த்ததாக நினைவில்லை.

கனகபுரத்தான்
பாட்டுப் புத்தகத்தைப் பயன்படுத்தலாமா, கூடாதா? அதைப் படம் பிடித்து ஏற்றப் பார்த்தேன், அதையும் நீக்கிவிட்டார்கள்.

முறிகண்டிப் பிள்ளை
மேற்கோளாக ஓரளவுக்குப் பயன்படுத்தலாம். பாடலாசிரியர், பாடகர், நடிகர் பெயர்களுக்கு அது போதும். படம் நல்லதா, ஓடியதா என்பதற்கு உதவாது, விற்க அச்சடித்தவர் தன் படத்தைக் குறை சொல்லியிருக்க மாட்டார். பாட்டு வரிகளை முழுதாகப் படியெடுத்துப் போடாதீர்கள். அட்டைப் படம் வேறு சிக்கல். நம் நாட்டின் 2003 ஆம் ஆண்டு 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி, படைத்தவர் இறந்து 70 ஆண்டு வரை உரிமை நிற்கும். புத்தகம் பெரியப்பாவின் பெட்டியில் இருப்பதால் உரிமை அவருடையதாகாது. ஆகையால் எல்லா மொழித் தளங்களுக்கும் பொதுவான, உரிமைத் தடையற்ற கோப்புகளுக்கான பொதுவகத்தில் ஏற்றினால் நீக்கத்தான் செய்வார்கள். தமிழ்த் தளத்திலேயே, சிறிய அளவில், நியாயப் பயன்பாட்டு வார்ப்புருவை (உரிமையுள்ள படத்தை ஏன் பயன்படுத்துகிறோம் என்று விளக்கும் படிவம்) நிரப்பி ஏற்றுங்கள்.

பெரியப்பாவின் நினைவை வீணாக்கவும் வேண்டாம். அவரிடம் ஆறுதலாக இருந்து கேட்டு எழுதி, அதை ஓர் இதழிலோ பத்திரிகையிலோ ஆசிரியர் பார்வைக்குட்பட்டு வெளிவரச் செய்யுங்கள். அதன் பிறகு இன்னார் இவ்வாறு நினைவுகூர்ந்தார் என்று வேறொருவர் மேற்கோள் காட்டலாம். கூடவே, ஈழத்து நூல்களையும் இதழ்களையும் சேமிக்கும் "நூலகம்" என்ற எண்ணிமத் தளத்தில் மல்லிகை, அலை என்ற இலக்கியச் சஞ்சிகைகள் இரண்டினதும் 1977, 1978 இதழ்களைப் பொறுமையாகப் புரட்டுங்கள். தேடற்பெட்டியை நம்ப வேண்டாம். பல இதழ்கள் படமாகத்தான் இருக்கின்றன, சொல் அகப்படாது.

ஓமந்தை வாசி
சிம் மாற்றிப் பார்த்தீர்களா?

கனகபுரத்தான்
மாற்றவில்லை. கணக்குத் திறந்து, புத்தகத்தில் உள்ள பெயர்களை மட்டும் சேர்த்தேன், நிற்கிறது. வரவேற்புப் பகுதி மணல்தொட்டியில் இருக்கிறது. நன்றி.

பழம்பயனர்
மேற்கோளில் வெளியீட்டாளர் பெயரையும் பக்க எண்ணையும் சேருங்கள். பக்க எண் அச்சிடப்படவில்லையென்றால் பின்னட்டை, உள்ளட்டை என்று குறிப்பிட்டால் போதும்.