ஜிப்சி இன்ஜினை இரண்டு சீட்டு விமானத்தில் மாட்டலாமா?

வடுவூர்ப் பட்டறை:

வணக்கம். மன்னார்குடி பக்கம் பட்டறை வைத்திருக்கிறேன். டிராக்டர், அறுவடை மெஷின், கார் எல்லாம் பார்ப்பேன், இன்ஜின் இறக்கிப் பிரித்துக் கட்டுவதில் இருபத்திரண்டு வருடம் ஓடிவிட்டது. பறக்கும் ஆசை வடுவூர் ஏரிக்கு வரும் பறவைகளை அண்ணாந்து பார்த்த வயதிலேயே வந்தது, இன்னும் போகவில்லை.

போன வருடம் பெங்களூர்ப் பக்கத்தில் ஒருவரிடம் இன்ஜின் இல்லாத இரண்டு சீட்டு மைக்ரோலைட் (எடை குறைந்த சின்ன விமானம்) ஒன்றை வாங்கினேன். அலுமினியக் குழாய் சட்டம், துணி போர்த்திய இறக்கை. முன்பு அதில் இருந்தது சின்ன விமானங்களுக்கென்றே செய்யும் ரோட்டாக்ஸ் 912 இன்ஜின், 80 எச்பி. புதிது என்ன விலை என்று விசாரித்தேன், நம்மால் முடியாது. என்னிடம் நல்ல நிலையில் ஒரு மாருதி ஜிப்சி கிங் ஜீப்பின் இன்ஜின் இருக்கிறது. 1.3 லிட்டர், அலுமினியம் பிளாக், எம்பிஎஃப்ஐ, 6000 ஆர்பிஎம்மில் இதுவும் 80 எச்பிதான். அதே 80 என்றால் இதையே மாட்டினால் என்ன? புரொப்பெல்லரை கிராங்க்கில் நேராகப் பூட்டலாமா, நடுவில் ஏதாவது வைக்க வேண்டுமா? விமானத் துறை அதிகாரிகளான டிஜிசிஏ பதிவும் பறக்கும் அனுமதியும் இல்லாமல் தரையை விட்டு எழும்பப் போவதில்லை, அதனால் அந்த அறிவுரை வேண்டாம். இன்ஜினைப் பற்றிச் சொல்லுங்கள்.

தஞ்சாவூர் பழைய ஏர்மேன்:

தம்பி, விமானப்படையில் இன்ஜின் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவன். கேள்வியை நன்றாகக் கேட்டிருக்கிறீர்கள், ஆனால் "அதே 80" என்ற இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள்.

முதலில் புரொப்பெல்லர். உங்கள் விமானத்துக்கு 1.7 மீட்டர் விட்டம் என்று வைத்துக்கொள்வோம். 2600 ஆர்பிஎம்மில் அதன் முனை நொடிக்கு 230 மீட்டர் வேகத்தில் சுற்றும், அது சரி. 6000 ஆர்பிஎம்மில் 530 மீட்டரைத் தாண்டும். நம் ஊர் வெயிலில் ஒலியின் வேகமே 350 மீட்டர்தான். முனை ஒலி வேகத்தை நெருங்கினாலே சத்தமும் இழுவையும் ஏறும், தள்ளுவிசை கிடைக்காது, அதையும் தாண்டிவிட்டால் பிளேடு தாங்குமா என்பதே கேள்வி. சரி, நேராகப் பூட்டி 2600இலேயே ஓட்டுகிறேன் என்றால் ஜிப்சி இன்ஜின் அந்த வேகத்தில் 80இல் பாதிகூடத் தராது. லைகாமிங் ஓ-320 நேராகப் பூட்டியே 2700 ஆர்பிஎம்மில் 150 எச்பி தருகிறதே என்று கேட்கலாம், அது 5.2 லிட்டர் இன்ஜின். சின்ன இன்ஜினில் பவர் வேண்டுமென்றால் வேகமாகச் சுற்றித்தான் எடுக்க வேண்டும், பிறகு வேகத்தைக் குறைத்து புரொப்பெல்லருக்குக் கொடுக்க வேண்டும். ரோட்டாக்ஸிலேயே 2.27க்கு 1 கியர் பாக்ஸ் உள்ளேயே இருக்கிறது. உங்களுக்கும் கிட்டத்தட்ட அந்த விகிதத்தில் ஒரு ரிடக்‌ஷன் வேண்டும், உங்கள் முழு வேலையின் கஷ்டமும் அங்கேதான்.

நாலு சிலிண்டர் இன்ஜின் ஒரே சீராகச் சுற்றுவதுபோலத் தோன்றும், உண்மையில் ஒரு சுற்றுக்கு இரண்டு அடி அடிக்கிறது. காரில் அதை ஃப்ளைவீலும் கிளட்ச் பிளேட்டில் இருக்கும் ஸ்பிரிங்கும் வாங்கிக்கொள்ளும். விமானத்தில் எதிர்முனையில் கனமான புரொப்பெல்லர் நிற்கிறது. நடுவில் தண்டும் கியரும் முறுக்கிக்கொண்டு திரும்பும், ஏதோ ஒரு ஆர்பிஎம்மில் இந்த அடியும் அந்த முறுக்கத்தின் சொந்த அதிர்வும் ஒன்றாகச் சேர்ந்துவிட்டால் நல்ல கியர் பல்லும் சில மணி நேரத்தில் உதிரும். பெரும்பாலும் அது ஐடிலுக்குக் கொஞ்சம் மேலே வரும், கியர் கடகடவென்று தட்டும் சத்தம் கேட்கும். அந்த வேகத்தில் நிறுத்தி வைக்காமல் தாண்டிப் போக வேண்டும், நடுவில் ரப்பர் கப்ளிங்கோ பல் பெல்ட்டோ வைத்து அடியைத் தணிக்க வேண்டும். லேத்தில் நீங்களே கியர் வெட்டலாம் என்று நினைத்தால் தயவுசெய்து வேண்டாம். விமானத்துக்கென்றே செய்து பல நூறு மணி நேரம் ஓட்டிப் பார்த்த ரிடக்‌ஷன் பாக்ஸை வாங்குங்கள். சுசுகி ஜி வரிசை இன்ஜினுக்கு வெளிநாட்டில் கிடைக்கிறது, உங்கள் ஜிப்சியும் அதே வரிசை.

இரண்டாவது, சுமை. மணிக்கு எண்பது கிலோமீட்டரில் ஜிப்சியை ஓட்டும்போது அது 15, 20 எச்பிக்கு மேல் கேட்காது. ஏறும்போது மிதிக்கிறோம், இறங்கும்போது விடுகிறோம். விமானத்தில் எழும்பும்போது முழு பவர், அப்புறம் மணிக்கணக்கில் முக்கால் பவர், நடுவில் ஓய்வே கிடையாது. டெல்டாக்காரருக்கு இதைப் புரியவைப்பது சுலபம். மேட்டூர்த் தண்ணீர் கடைமடைக்கு வராத வருடத்தில் ஆயில் இன்ஜின் இராப்பகலாக ஒரே இரைச்சலில் ஓடுமே, அதுதான் விமான இன்ஜினின் வாழ்க்கை.

மூன்றாவது, தீப்பொறி. விமான இன்ஜினில் சிலிண்டருக்கு இரண்டு பிளக், இரண்டு மேக்னட்டோ, பேட்டரி செத்தாலும் ஓடும். உங்கள் இன்ஜினில் எல்லாம் ஒன்றுதான். ஒரு ஈசியூ (இன்ஜினை நடத்தும் கம்ப்யூட்டர்), ஒரு பெட்ரோல் பம்ப். ஒரு சென்சார் போனால் ஈசியூ பவரைக் குறைத்துவிடும், ரோட்டில் அது நல்ல ஏற்பாடு, ஓரமாக நிறுத்திவிடலாம். 300 அடி உயரத்தில் ஓரம் இல்லை. இரண்டு பம்ப், இரண்டு பேட்டரி, ஒன்று போனால் மற்றதற்கு மாற்ற கைக்கு எட்டும் சுவிட்ச், இது குறைந்தபட்சம்.

நாகை துறைமுகம் மெக்கானிக்:

வடுவூர் அண்ணே, எனக்கு விமானம் தெரியாது. ஆனால் லாரி இன்ஜினை விசைப்படகில் வைத்து ஓட்டுவதுதான் என் பிழைப்பு, படித்தபோது இரண்டும் ஒரே கதை மாதிரிப் பட்டது.

லாரியில் தரும் குதிரைத்திறனை நாங்கள் படகில் கேட்கவே மாட்டோம். அதே லேலண்டு இன்ஜின், படகுக்கு வரும்போது பவரையும் ஆர்பிஎம்மையும் குறைத்துத்தான் வரும், ஏனென்றால் வலை இழுக்கும்போது மணிக்கணக்கில் ஒரே சுமை. இன்னொன்று, விசிறி தண்ணீரைத் தள்ளினால் தண்ணீரும் தண்டைத் திருப்பித் தள்ளும். அந்தத் தள்ளலை கியர் பாக்ஸில் இருக்கும் திரஸ்ட் பேரிங் வாங்கும், கிராங்க்குக்குப் போகவே விடமாட்டோம். நீங்கள் வாங்கும் பாக்ஸிலும் அது இருக்கிறதா என்று பாருங்கள்.

தண்ணீர் விஷயத்தில்தான் எங்களுக்கு அதிர்ஷ்டம், கீழே கடலே இருக்கிறது. உங்களுக்கு ரேடியேட்டர் மட்டும். குளிர் நாட்டுக்காரன் சொல்லும் அளவை நம்பாதீர்கள், கத்திரி வெயிலில் முழு பவரில் நின்று பாருங்கள். அப்புறம் ஹோஸ். என் அனுபவத்தில் நடுக்கடலில் நின்ற இன்ஜின்களில் பிஸ்டனோ கிராங்க்கோ உடைந்தது குறைவு. பத்து ரூபாய் கிளிப், வெடித்த ஹோஸ், தேய்ந்து அறுந்த ஒயர், இவைதான் அதிகம்.

திருவையாறு டு டொரன்டோ:

நாகை அண்ணன் கடைசியில் சொன்னதை அப்படியே வழிமொழிகிறேன். சொந்த ஊர் திருவையாறு, இருப்பது கனடாவில். இங்கே வீட்டிலேயே கட்டும் விமானத்துக்குச் சட்டத்தில் தனிப் பிரிவு இருக்கிறது, நானும் நண்பரும் சேர்ந்து சுபாரு ஈஜே22 இன்ஜினைப் பெல்ட் ரிடக்‌ஷனோடு வைத்து ஒன்று கட்டினோம். ஏழு வருடத்தில் இரண்டு முறை அவசரமாக இறங்கினேன். இரண்டிலும் உள்ளே இருந்த இன்ஜின் நன்றாகவே இருந்தது. முதல் முறை கூலன்ட் ஹோஸ் எக்ஸாஸ்ட் பக்கம் உரசித் துளை விழுந்தது. இரண்டாவது முறை கிராங்க் சென்சாரின் கனெக்டர் அதிர்வில் கழன்றது, இன்ஜின் ஒரு நொடியில் செத்தது. இரண்டும் நானே செய்த பொருத்தல். கார் கம்பெனி லட்சக்கணக்கில் செய்து சோதித்த இன்ஜினைத்தான் எடுக்கிறோம், அதைச் சுற்றி நாம் கட்டுவது உலகத்திலேயே ஒன்றே ஒன்று, சோதிக்கப்படாதது. ரிடக்‌ஷன், குளிரூட்டல், பெட்ரோல் குழாய், ஒயரிங் நான்கிலும் உங்கள் நேரத்தைப் போடுங்கள்.

இந்த வேலை புதிதும் இல்லை. அமெரிக்காவில் பெர்னார்ட் பீட்டன்போல் என்பவர் 1929 வாக்கில் ஃபோர்டு மாடல் ஏ கார் இன்ஜினை வைத்து ஏர் கேம்ப்பர் பறக்கவிட்டார். 3.3 லிட்டர், 40 எச்பிதான், மெதுவாகச் சுற்றும் இன்ஜின் என்பதால் நேராகவே பூட்ட முடிந்தது. ஃபோக்ஸ்வாகன் பீட்டிலின் காற்றால் குளிரும் இன்ஜினும் அப்படித்தான் பல நாடுகளில் பறக்கிறது. செவர்லே கோர்வேர் கார் இன்ஜினை நேராகப் பூட்டியவர்களுக்குச் சில கிராங்க்குகள் முறிந்தன, பிறகு முன்பக்கம் கூடுதலாக ஐந்தாவது பேரிங் வைக்கும் வழக்கம் வந்தது. பெரிய கம்பெனிகளும் முயன்றன. ஜெர்மனியில் தீலர்ட், மெர்சிடிஸ் ஏ கிளாஸ் டீசல் இன்ஜினை 135 எச்பி விமான இன்ஜினாக மாற்றி 2002இல் சான்றிதழே வாங்கியது. அதில்கூட கியர் பாக்ஸை 300 மணி நேரத்துக்கு ஒருமுறை கழற்ற வேண்டியிருந்தது. தஞ்சாவூர் ஐயா ரிடக்‌ஷனைப் பற்றி இவ்வளவு அழுத்திச் சொன்னதன் காரணம் அதிலிருந்தே தெரியும்.

எடையையும் இப்போதே பாருங்கள். ரோட்டாக்ஸ் 912 சுமார் 60 கிலோ. உங்கள் இன்ஜினோடு ரிடக்‌ஷன், ரேடியேட்டர், தண்ணீர், இரண்டாவது பேட்டரி, மவுன்ட் எல்லாம் சேர்த்துத் தராசில் ஏற்றுங்கள். மூக்கில் 35, 40 கிலோ கூடினால் ஒரு ஆளின் எடையில் பாதி போயிற்று, ஈர்ப்பு மையமும் முன்னால் போய்விடும், இறங்கும்போது மூக்கைத் தூக்க வாலில் இருக்கும் எலிவேட்டர் போதாமல் போகலாம். எல்லாம் பொருந்தாவிட்டால் ஓவராயில் செய்த பழைய ரோட்டாக்ஸைத் தேடுவதில் வெட்கமே இல்லை.

குத்தாலம் கண்ணன்:

பெட்ரோலைப் பற்றி யாரும் சொல்லவில்லை. இப்போது பங்க்கில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்தது. ரோட்டாக்ஸே 912க்கு 10 சதவீதம் வரைதான் ஒத்துக்கொள்கிறது. எத்தனால் ஈரத்தை இழுக்கும், நம் ஐப்பசி மழையில் டேங்க்கை அரைகுறையாக விட்டு வைத்தால் தண்ணீரோடு சேர்ந்து அடியில் தனியாகப் பிரிந்து நிற்கும். பழைய ரப்பர் ஹோஸ், சீல், ஃபைபர் டேங்க்கின் பிசின் எல்லாம் ஊறிக் கெடும். ஜிப்சி இந்தப் பெட்ரோலுக்கு முந்தைய காலத்து வண்டி, அதனால் டேங்க்கிலிருந்து இன்ஜெக்டர் வரை ஒவ்வொரு ரப்பரையும் மாற்றுங்கள். டேங்க் அடியில் வடிகால் வால்வு வையுங்கள்.

இன்னொன்று, இன்ஜின் நின்றால் நம் ஊரில் எங்கே இறங்குவீர்கள்? குறுவை, சம்பா நேரத்தில் வயல் முழுக்கத் தண்ணீர், சக்கரம் சேற்றில் புதைந்ததும் விமானம் தலைகீழாகக் கவிழும். தை அறுவடை முடிந்து உளுந்து போட்ட வயல் என்றால் தரை காய்ந்திருக்கும், அப்போதும் வரப்புக்குக் குறுக்கே இறங்கக் கூடாது. அதிலும் கரண்டு கம்பி இல்லாத வயல் தேட வேண்டும்.

வடுவூர்ப் பட்டறை:

எல்லோருக்கும் நன்றி. நேற்று இரவு எல்லாவற்றையும் இரண்டு முறை படித்தேன். கியர் நானே வெட்டலாம் என்றுதான் இருந்தேன், அதை விட்டுவிட்டேன். இன்று காலை இன்ஜினை நெல் மூட்டைத் தராசில் ஏற்றினேன். கிளட்ச், கியர் பாக்ஸ் இல்லாமல், ஸ்டார்ட்டரும் ஆல்டர்னேட்டரும் சேர்த்து 84 கிலோ. ரிடக்‌ஷனும் ரேடியேட்டரும் சேர்ந்தால் நூறைத் தாண்டும், டொரன்டோ தம்பி சொன்ன கணக்குச் சரியாகவே வருகிறது. அதனால் இந்த விமானத்தின் உடம்புக்கு இந்த இன்ஜின் கிடையாது, பழைய 912 தேடுகிறேன். ஜிப்சியை விடவும் மனம் வரவில்லை. டிராக்டர் டிரெய்லரில் பூட்டி, வாங்கிய ரிடக்‌ஷன் பாக்ஸோடும் புரொப்பெல்லரோடும் தரையிலேயே நூறு மணி நேரம் ஓட்டிப் பார்க்கலாம் என்றிருக்கிறேன், தாங்கினால் பின்னால் அதற்கேற்ற கனமான விமானம் யோசிக்கலாம். ஐயா, தரையில் ஓட்டும்போது என்ன கவனிக்க வேண்டும்?

தஞ்சாவூர் பழைய ஏர்மேன்:

நல்ல முடிவு தம்பி, எனக்குச் சந்தோஷமாக இருக்கிறது. டிரெய்லரின் நான்கு மூலையையும் சங்கிலி போட்டுத் தரையில் கட்டுங்கள், வெறும் கட்டை முட்டுக்கொடுப்பு போதாது. புரொப்பெல்லர் சுற்றும் வட்டத்தின் நேர்க்கோட்டில், பக்கவாட்டில், இரண்டு பக்கமும் யாரும் நிற்கக் கூடாது, பிளேடு உடைந்தால் அந்தக் கோட்டில்தான் பறக்கும். சுற்றிலும் கயிறு கட்டி ஆடுமாடு, பிள்ளைகள் வராமல் ஓர் ஆள் நிற்கட்டும், அந்த ஆளுக்கு வேறு வேலை கொடுக்காதீர்கள். தரையில் முன்காற்று இல்லாததால் ரேடியேட்டருக்குக் காற்று குறைவு, அதை நினைவில் வைத்து வெப்பத்தைப் படியுங்கள். பத்து மணி நேரத்துக்கு ஒருமுறை எண்ணெயை வடித்து ஃபில்டரை அறுத்துப் பாருங்கள், ரிடக்‌ஷன் பாக்ஸ் எண்ணெயில் காந்தத்தை விடுங்கள். மாவு மாதிரி இருந்தால் பரவாயில்லை, துகளாக வந்தால் அன்றோடு நிறுத்துங்கள். எல்லாவற்றையும் நோட்டில் மணியோடு எழுதுங்கள். முதல் முறை முடுக்கும் அன்று சொல்லுங்கள், காலை பஸ்ஸில் வந்துவிடுகிறேன்.