பாவித்த லீஃப் வாங்கியவர்கள், வாங்காமல் விட்டவர்கள்: பற்றரியை எப்படிப் பார்த்தீர்கள்?

யாழ்ப்பாணம் திருநெல்வேலியிலிருந்து:

அண்மையில் கோண்டாவிலில் ஒரு 2014 நிசான் லீஃப் பார்க்கப் போனேன். 24 கிலோவாற் மணி பற்றரி உள்ள முதல் தலைமுறை மின்சாரக் கார். பற்றரியின் கொள்ளளவு எவ்வளவு மிச்சம் என்று காட்டும் 12 பாரும் (கோடுகளும்) மீற்றரில் எரிந்தன, சார்ஜும் 100 வீதம். "பற்றரி புதுசு மாதிரித்தான் தம்பி, நீங்களே பாருங்கோ" என்றார் விற்பவர்.

பத்து வருடத்துக்கு மேல் பழசான லீஃபில் 12 பாரும் இருந்தால் முதலில் சந்தேகம்தான் வர வேண்டும். இந்தக் காரின் பற்றரியைத் தண்ணீராலோ விசிறியாலோ குளிர்விக்கும் ஏற்பாடு கிடையாது. எங்கள் சித்திரை வெயிலில் முற்றத்தில் நிற்கிற கார் அந்தச் சூட்டை முழுதாக வாங்கிக்கொள்ளும். முதல் பார் விழுவதற்கே கொள்ளளவில் 15 வீதம் அளவில் போயிருக்க வேண்டும். அதற்குப் பிறகு விழும் ஒவ்வொன்றும் 6 வீதத்துக்குக் கொஞ்சம் மேல்.

ஸ்டியரிங்குக்குக் கீழே புளூடூத் கருவியைச் செருகி, போனில் லீஃப் ஸ்பை செயலியைத் திறந்தேன். பற்றரியின் ஆரோக்கியம், அதுதான் எஸ்.ஓ.எச், 97 வீதம் என்று காட்டியது. நிறையப் பேர் இந்த இடத்தில் கை கொடுத்துவிட்டு வந்துவிடுகிறார்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். அந்த எண்ணைக் கணக்கிடுவது காரின் கணினி. அதை ரீசெற் பண்ணினால் பாரும் எஸ்.ஓ.எச்சும் புதுக் கார் மாதிரி ஏறி நிற்கும். சில கிழமைகள் ஓடிய பிறகுதான் உண்மை மெல்ல மெல்ல வெளியே வரும். அதற்குள் காசு கைமாறியிருக்கும்.

அடுத்து, அதே செயலியில் எத்தனை தரம் சார்ஜ் பண்ணியிருக்கிறது என்ற எண்ணிக்கையைப் பார்த்தேன். ஓடிய தூரத்தை அதனால் பிரித்தால் ஒரு சார்ஜுக்குப் பத்துக் கிலோமீற்றர்தான் வந்தது. தினமும் கடைக்குப் போய்வந்து வீட்டில் செருகுகிறவர்களும் இருக்கிறார்கள், ஆகவே அதை மட்டும் வைத்து மீற்றரைக் குறைத்திருக்கிறார்கள் என்று சொல்ல முடியாது. ஆனால் ஓடிப் பார்க்காமல் விடக்கூடாது என்று அப்போதே முடிவெடுத்தேன்.

ஏசியைப் போட்டுக்கொண்டு ஏ9 வீதியில் சாவகச்சேரி போய்த் திரும்பினோம். ஏற்றம் இறக்கம் இல்லாத றோட்டு, முப்பது கிலோமீற்றருக்குக் கொஞ்சம் மேல். நல்ல பற்றரி என்றால் கால்வாசி, மிஞ்சினால் மூன்றிலொன்று இறங்கியிருக்கும். இது பாதிக்குக் கீழே போய்விட்டது. விற்பவரிடம் கெஞ்சி மானிப்பாய்ப் பக்கமும் ஒரு சுற்று ஓடி, 20 வீதம் வரை இறக்கினேன். நான் தேடியது அங்கேதான் தெரிந்தது. இந்தப் பற்றரியில் 96 சோடி செல்கள் வரிசையாக இணைந்திருக்கின்றன. முழுச் சார்ஜில் எல்லாவற்றின் வோல்ற்றேஜும் ஒரே உயரத்தில் நின்றது. 20 வீதத்தில் ஒரு சோடி மட்டும் மற்றவற்றைவிட 150 மில்லிவோல்ற் கீழே தொங்கியது. நல்ல பற்றரியில் 20, 30க்குள்தான் வித்தியாசம் நிற்கும். மற்ற 95 சோடியிலும் மின் மிச்சமிருந்தாலும், அந்த ஒன்று காலியானால் கார் நின்றுவிடும்.

வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தேன். கார் பார்க்கப் போகிறவர்கள் முன்கூட்டியே போன் பண்ணி, "நான் வரும்போது சார்ஜ் 40 வீதத்துக்கு மேல் வேண்டாம்" என்று சொல்லுங்கள். மறைக்க ஒன்றும் இல்லாதவர் மறுக்கமாட்டார்.

பருத்தித்துறையிலிருந்து:

அண்ணை சொன்னது அத்தனையும் சரி. ஒன்றை மட்டும் சேர்க்கிறேன்: எஸ்.ஓ.எச் குறைவு என்பதற்காகவே ஒரு காரை ஒதுக்க வேண்டாம். நான் 68 வீதம் என்று தெரிந்தேதான் வாங்கினேன். விற்ற ஐயா தானே செயலியைத் திறந்து காட்டி, அதற்கேற்ற விலைதான் கேட்டார். குறைந்த சார்ஜிலும் செல்கள் ஒன்றுபோல இருந்தன. அது எனக்குப் போதுமாக இருந்தது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். பற்றரியில் கொஞ்சத்தைக் கார் ஒதுக்கி வைப்பதால், 68 வீதம் என்றால் பாவிக்கக்கூடியது 14 கிலோவாற் மணி அளவில். ஒரு கிலோவாற் மணிக்கு ஆறு கிலோமீற்றர் வைத்தாலும் 80 கிலோமீற்றருக்கு மேல் வருகிறது. யாழ்ப்பாணம் ரவுணுக்குப் போய்வர 70 கிலோமீற்றர் கூட இல்லை. ஆனால் கிளிநொச்சியில் வேலை என்றால் இதே கார் சரிவராது, அங்கே சார்ஜ் போட இடம் இருந்தால் ஒழிய. 2020இல் வாகன இறக்குமதி நின்று 2025இல்தான் திரும்பத் திறந்தார்கள். இடைப்பட்ட காலம் முழுக்கப் பழைய கார்கள்தான் கைமாறின, எல்லாப் பற்றரியும் வயதானவை. அதனால் முதலில் உங்கள் ஓட்டம் எவ்வளவு என்று பாருங்கள், பிறகு வீதத்தைப் பாருங்கள்.

கொடிகாமத்திலிருந்து:

மீற்றரில் எச்சரிக்கை விளக்குகள் எரிந்ததைக் கண்டு பயந்து ஒரு நல்ல லீஃபை விட்டுவிட இருந்தார் என் மச்சான். பார்த்தால் சின்ன 12 வோல்ற் பற்றரி செத்திருந்தது. அது பலவீனமானால் இல்லாத பிழைகளையெல்லாம் கார் காட்டும். முதலில் அதை அளந்து பாருங்கள்.

இன்னொன்று கேட்க வேண்டும். லீஃப் பற்றரியில் 48 மொடியூல் (செல்கள் அடங்கிய தனித்தனிப் பெட்டிகள்) இருப்பதால் பழுதானதை மட்டும் கழற்றி மாற்றலாம் என்கிறார்கள். இங்கே அப்படி மாற்றி ஓடுகிறவர்கள் இருந்தால், இப்போது குறைந்த சார்ஜில் செல் வித்தியாசம் எவ்வளவு காட்டுகிறது என்று எழுதுங்களேன்.