முடக்குவாதம் தொண்டையையும் பிடிக்குமா?

போன்குரல்:
எனக்கு முடக்குவாதம், அதாவது மூட்டுகள் வீங்கும் ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ், வந்து பல வருஷமாகிறது. வாரத்தில் ஒரு நாள் நோயை அடக்கும் மெத்தோட்ரெக்சேட், அப்புறம் ஃபோலிக் அமிலம், தாங்க முடியாத நாளில் மட்டும் வலி மாத்திரை. விரல்களும் முட்டியும் ஓரளவு சொன்ன பேச்சைக் கேட்கின்றன. இப்போது தொண்டைதான் தகராறு செய்கிறது.

நாள் முழுக்க போனில் பேசுவதுதான் என் வேலை. கொஞ்ச நாளாகக் காலையில் குரல் ஒரேயடியாகக் கம்மிப் போகிறது. மறுமுனையில் இருப்பவர்கள் என்னை "சார்" என்கிறார்கள். நான் மேடம்! மதியத்துக்குள் கொஞ்சம் தெளிகிறது. எச்சில் விழுங்கினால் ஏதோ சிக்கிக்கொண்ட மாதிரி இருக்கிறது, சில சமயம் வலி காது வரை இழுக்கிறது. சளி, காய்ச்சல் எதுவும் இல்லை. தொண்டைப் புண் என்று சொல்லி ஒரு மருத்துவர் ஆன்டிபயாடிக் கொடுத்தார், துளிகூட மாற்றமில்லை.

இதுவும் முடக்குவாதத்தின் வேலையாக இருக்குமா என்று வீட்டில் கேட்டால் சிரிக்கிறார்கள். மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடுகிறேனா? தொண்டையில் ஏது மூட்டு?

காலைவிறைப்பு:
இருக்கிறது அக்கா, ஒன்றல்ல, இரண்டு. குரல்வளையின் பின்பக்கம், இடதும் வலதுமாக. கிரிக்கோ-அரிட்டினாய்டு மூட்டு என்பார்கள். நாம் பேசும்போது குரல் நாண்கள் சேர்வதும், மூச்சு இழுக்கும்போது விலகுவதும் இவை அசைவதால்தான். விரல் மூட்டுக்குள் இருக்கும் அதே மாதிரி சவ்வுதான் இங்கேயும். அங்கே வீங்குகிற நோய் இங்கே மட்டும் ஏன் சும்மா இருக்கப் போகிறது?

எனக்கும் இதே கதைதான். "காலையில் மோசம், போகப் போகத் தேவலை" என்று நீங்கள் எழுதியதைப் படித்ததும் என் விரல்கள் ஞாபகத்துக்கு வந்தன. ஈ.என்.டி. மருத்துவர் மூக்கு வழியாக மெல்லிய குழாய் கேமராவை விட்டுப் பார்த்தார். ஒரு பக்க நாண் சரியாக அசையவில்லை. அதற்கு முன்பு எடுத்த ரத்தப் பரிசோதனையில், உடம்பில் அழற்சி இருப்பதைக் காட்டும் ஈ.எஸ்.ஆர். அளவு நார்மல். ஆகவே "ரத்தம் நன்றாக இருக்கிறது, தொண்டையில் ஒன்றும் இருக்காது" என்று யாராவது சொன்னால் அதோடு விட்டுவிடாதீர்கள்.

எனக்குத் தனியாகத் தொண்டைக்கென்று மருந்து தரவில்லை. மூட்டு மருத்துவர் பழைய மருந்தை மாற்றினார், கொஞ்ச காலம் ஸ்டீராய்டு தந்தார். குரல் மெல்ல மெல்லத் திரும்பியது.

பேச்சுப்பயிற்சியாளர்:
மேலே சொன்னது சரி. ஆனால் முடக்குவாதக்காரர் குரல் கம்மினால் எல்லாமே அந்த மூட்டுதான் என்று முடிவு கட்ட வேண்டாம். சிலருக்குக் குரல் நாணிலேயே சிறு முடிச்சுகள் வருகின்றன. முடக்குவாதத்தோடு ஜோக்ரென் நோயும் சேர்ந்தால் எச்சில் வற்றித் தொண்டை காய்ந்துவிடும். வலி மாத்திரையால் வயிறு கெட்டு, அமிலம் மேலே ஏறி நாணை எரிப்பதும் உண்டு. மெத்தோட்ரெக்சேட்டால் வாய்ப்புண் வரலாம், அதற்காக நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். இதில் எது என்று உள்ளே பார்த்தால்தான் தெரியும்.

அதுவரை இடையிடையே தண்ணீர் குடியுங்கள், தொண்டையைச் செருமாதீர்கள், முடிந்த அளவு பேச்சைக் குறையுங்கள். குறைக்கிறேன் என்று கிசுகிசுக்க வேண்டாம், பலருக்கு அதுவே நாணை இன்னும் இறுக்கிவிடும்.

ஒன்று மட்டும் தள்ளிப்போடக் கூடாது. மூச்சை உள்ளே இழுக்கும்போது விசிலடிப்பது போலச் சத்தம் வந்தாலோ, மூச்சு முட்டினாலோ, இரவானாலும் சரி, உடனே அவசர சிகிச்சைக்குப் போய்விடுங்கள். இரண்டு நாண்களும் விலகாமல் இறுகிவிட்டால் காற்று போக வழி இருக்காது.

போன்குரல்:
நன்றி. மூச்சுத் தொந்தரவு எதுவும் இல்லை. ஈ.என்.டி.யிடம் நேரம் வாங்கிவிட்டேன். வாய்க்குள் டார்ச் அடித்துப் பார்த்தால் போதாதா, குழாய் விட்டே ஆகணுமா? கேட்டாலே குமட்டுகிறது. அடுத்த மாதம் மணிக்கட்டில் ஒரு அறுவை சிகிச்சை வேறு இருக்கிறது. அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லைதானே?

காலைவிறைப்பு:
டார்ச் வெளிச்சம் குரல் நாண் வரை எட்டாது. மூக்கில் மரப்பு மருந்து அடித்துவிட்டுத்தான் விடுவார்கள். கண்ணில் தண்ணீர் வரும், அவ்வளவுதான். "ஈ..." என்று இழுக்கச் சொல்வார்கள். திரையில் உங்கள் நாண்களை நீங்களே பார்க்கலாம், எனக்கு அது பிடித்திருந்தது.

பேச்சுப்பயிற்சியாளர்:
சம்பந்தம் நிறையவே உண்டு. முழு மயக்கம் கொடுத்தால் மூச்சுக்குழாயில் குழாய் போட வேண்டியிருக்கும், அது குரல் நாண்களுக்கு நடுவேதான் போகும். அங்கே ஏற்கெனவே வீக்கமென்றால் சிறிய குழாயாகத் தேர்ந்தெடுப்பார்கள், எடுத்த பிறகும் கவனமாகப் பார்ப்பார்கள். முடக்குவாதத்தில் கழுத்தெலும்பின் மேல் மூட்டு தளர்ந்திருக்கவும் வாய்ப்புண்டு. அப்படியானால் கழுத்தை இஷ்டத்துக்கு வளைக்கக் கூடாது. மணிக்கட்டுதானே, கையை மட்டும் மரக்க வைத்தே முடிக்கலாமா என்றும் கேட்டுப் பாருங்கள். எதுவானாலும் குரல் கம்முவதை மயக்க மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், ஈ.என்.டி. அறிக்கையையும் கையோடு கொண்டுபோங்கள்.