படிவம் நான்கு பிள்ளைகளை வேலையிடத்துக்கு அனுப்பிப் படிக்க வைக்கலாமா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்

மாலைவகுப்பு டீச்சர்:

எல்லாருக்கும் வணக்கம். மலேசியாவில், சிலாங்கூர் பெஸ்தாரி ஜெயா பக்கம் (பெரியவர்களுக்கு இன்னும் பத்தாங் பெர்ஜுந்தாய்தான்) ஒரு செம்பனை (எண்ணெய்ப் பனை) தோட்டத்து மண்டபத்தில் வாரத்துக்கு மூன்று மாலை டியூஷன் எடுக்கிறேன், காசு வாங்குவதில்லை. 14 பிள்ளைகள், எல்லாம் படிவம் மூன்று, நான்கு (15, 16 வயது). ஒருத்தி மலாயில் கட்டுரை எழுதித் தள்ளுவாள், பின்னம் என்றால் பேனாவைக் கீழே வைத்துவிடுவாள். இன்னொருவன் மனக்கணக்கில் கெட்டிக்காரன், ஆனால் கேள்வியைப் படித்தால் என்ன கேட்கிறார்கள் என்றே அவனுக்குப் புரிவதில்லை. எல்லாருக்கும் ஒரே பயிற்சித் தாளைக் கொடுத்துப் பார்த்தேன், பாதிப் பேர் தூங்கினார்கள். அப்புறம் ஆளுக்கு ஒரு நோட்டு போட்டு, அவரவர் எங்கே நிற்கிறார்களோ அங்கிருந்து ஆரம்பித்தேன். இப்போது பரவாயில்லை, ஆனால் "இதெல்லாம் எதுக்கு டீச்சர்" என்ற கேள்வி மட்டும் போகவில்லை.

அதனால் பள்ளி விடுமுறையில் ஒவ்வொரு பிள்ளையையும் வாரத்துக்கு ஒரு நாள் பட்டணத்தில் ஓர் இடத்துக்கு அனுப்பலாம் என்று நினைத்தேன். கிளினிக், தையற்கடை, கணக்காளர் ஆபீஸ், மோட்டார் பட்டறை, இப்படி அவரவர் விருப்பப்படி. பெற்றோரிடம் சொன்னபோது ஒரு அம்மா எழுந்து, "நாங்க குலை தூக்குனது போதாதா, பிள்ளையையும் வேலைக்கு அனுப்பச் சொல்றீங்களா?" என்று கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை, அன்றிரவு தூக்கமும் வரவில்லை. யாராவது இப்படிச் செய்திருக்கிறீர்களா?

ஓய்வு வாத்தியார்:

டீச்சர், அந்த அம்மா கேட்டது நியாயமான கேள்வி, முதலில் அதை மதியுங்கள். பத்து வயதில் தினமும் பள்ளிக்கூடம் விட்டதும் அம்மாவோடு கித்தா (ரப்பர்) மரத்தடியில் கட்டிப்பால் (உறைந்த ரப்பர்ப் பால்) பொறுக்கியவன் நான். கையில் அந்த நாற்றம் மறுநாள் வகுப்பிலும் இருக்கும். எங்களுக்கு "வேலை" என்ற சொல்லுக்கே வேறு அர்த்தம். அதனால் பெற்றோரிடம் இது வேலை இல்லை, படிப்பு என்று வாயால் சொன்னால் போதாது, காட்ட வேண்டும்.

சட்டமும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். பிள்ளைகள், இளையோர் வேலைக்கான 1966 சட்டம் நம் நாட்டில் உண்டு. 15 வயதுக்குக் கீழ் என்றால் இன்னும் கண்டிப்பு. 15 முதல் 18க்குள் உள்ளவர்களை இரவு 8 மணியிலிருந்து காலை 6 மணிவரை வேலையில் வைக்கக் கூடாது, ஆபத்தான வேலை எந்த நேரத்திலும் கூடாது. மருந்து தெளிக்கும் பக்கமே விடாதீர்கள்.

இன்னொன்று. ஆறாம் ஆண்டில் எழுதும் யூபிஎஸ்ஆர் தேர்வு 2021இல் போனது, படிவம் மூன்றில் எழுதும் பிடி3 2022இல் போனது. அதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் முன்பு பிள்ளை எங்கே தடுமாறுகிறது என்பதைத் தேர்வு முடிவு வீட்டுக்குச் சொல்லிவிடும். இப்போது வகுப்பறை மதிப்பீட்டில் ஒன்று முதல் ஆறு வரை நிலை போட்டுத் தருகிறார்கள், நம் பெற்றோரில் பலருக்கு அது புரிவதில்லை, பலருக்குப் படிவம் ஐந்து முடிவில் வரும் எஸ்பிஎம் தேர்வில்தான் விஷயமே தெரிகிறது. உங்கள் தனி நோட்டுகளை மாதம் ஒருமுறை பெற்றோருக்குக் காட்டுங்கள்.

அமெரிக்காவில் பிராவிடன்ஸ் நகரில் மெட் என்று ஒரு பள்ளி, 1996இல் தொடங்கியது. அங்கே மாணவர்கள் வாரத்தில் இரண்டு நாள் வெளியே வேலையிடத்தில் கற்கிறார்கள். எடுத்தவுடன் அனுப்புவதில்லை. பிள்ளையே முதலில் அங்குள்ளவரைப் பேட்டி காண்கிறது, ஒரு நாள் கூடவே நின்று பார்க்கிறது, பிடித்திருந்தால்தான் சேர்கிறது. கற்றதை எல்லார் முன்னாலும் எடுத்துச் சொல்லவும் வேண்டும். இதற்கெல்லாம் பணம் வேண்டாமே, நம் மண்டபத்திலும் செய்யலாம்.

ரேம்ப் அண்ணன்:

டீச்சர், நான் செம்பனைக் குலை வாங்கும் ரேம்ப் ஒன்று வைத்திருக்கிறேன். போன வருடக் கடைசியில் தெரிந்தவர் மகள், 16 வயது, இரண்டு வாரம் காலையில் மட்டும் நிறுவை மேடை ஆபீஸில் உட்கார்ந்தாள். கணக்கில் ரொம்ப மோசம் என்று அப்பாவே சொல்லித்தான் விட்டார்.

முதல் நான்கு நாள் சீட்டு எழுதுவதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். ஐந்தாம் நாள் ஒரு லாரி வந்தது, சரக்கோடு 5,480 கிலோ. இறக்கிவிட்டு வெறும் லாரி 2,360. காய் கலந்திருந்ததால் மூன்று விழுக்காடு கழிவு போடச் சொன்னேன். அவள் 5,480க்குக் கழிவு போட்டு 164 கிலோ என்று எழுதினாள். லாரிக்காரர் எட்டிப் பார்த்துவிட்டு, "என் லாரியும் பழுக்காத காயாம்மா?" என்று கேட்டார். அவ்வளவுதான், அவளுக்குச் சட்டென்று பிடிபட்டுவிட்டது. சீட்டைக் கிழித்துவிட்டு, முதலில் லாரியைக் கழித்து 3,120, அதில் மூன்று விழுக்காடு 93.6, மீதி 3,026.4 என்று அவளே போட்டாள். எழுபது கிலோ வித்தியாசம், அது ஒரு குடும்பத்தின் காசு என்று அவளே சொன்னாள். மறுநாள் ஒரு டன் குலையில் எண்ணெய் எவ்வளவு வரும் என்று கேட்டாள். ஏறக்குறைய 200 கிலோ, இருபது விழுக்காடு என்றேன். அன்றைக்கு வந்த எல்லாச் சீட்டுக்கும் எண்ணெய்க் கணக்கு போட்டுவிட்டாள்.

ஒரு குலையைக்கூட அவளைத் தூக்க விடவில்லை. அந்த அம்மாவிடம் இதைச் சொல்லுங்கள்.

கிள்ளான் தம்பி:

அக்கா, எல்லா முதலாளியும் அண்ணன் மாதிரி இருக்க மாட்டார்கள். நான் எஸ்பிஎம் முடித்து ஒரு பட்டறைக்கு "பழக" போனேன், மூன்று மாதம் லாரி கழுவியதும் தேநீர் வாங்கி வந்ததும்தான் மிச்சம். ஸ்பேனரைத் தொட்டது விரல் விட்டு எண்ணலாம். அதனால் அனுப்பும் முன்னால், என்ன கற்றுத் தருவார்கள், யார் பார்த்துக்கொள்வார்கள் என்று தாளில் எழுதி வாங்குங்கள், இடையில் சொல்லாமல் போய் ஒரு தடவை பாருங்கள்.

பிறகு நான் எஸ்எல்டிஎன் என்ற தேசிய இரட்டைப் பயிற்சித் திட்டத்தில் சேர்ந்தேன். ஜெர்மனியின் இரட்டைப் பயிற்சி முறையைப் பார்த்து 2005 வாக்கில் இங்கே கொண்டுவந்தது. 70, 80 விழுக்காடு கம்பெனியில் கை வேலை, மீதி வகுப்பு, அலவன்ஸும் உண்டு, முடித்தால் எஸ்கேஎம் என்ற மலேசியத் திறன் சான்றிதழ். மின்சுற்றுப் படம் பள்ளியில் எனக்கு வெறும் கோடாகத் தெரிந்தது. லாரி வயரிங்கைக் கையில் பிடித்த பிறகு அதே படத்தை நானே வரைந்தேன். இது எஸ்பிஎம்முக்குப் பிறகு யோசிக்க வேண்டிய பாதை. உங்கள் பிள்ளைகளுக்கு இப்போதே சொல்லி வையுங்கள், எனக்கு யாரும் சொல்லவில்லை.

மாலைவகுப்பு டீச்சர்:

ஐயா, அண்ணா, தம்பி, மூவருக்கும் நன்றி. நேற்று அந்த அம்மா வீட்டுக்குப் போய் எழுபது கிலோ கதையைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவே இல்லை. பிறகு உள்ளே போய், தன் வீட்டுக்காரரின் பழைய சம்பளச் சீட்டுகளை ஒரு பிஸ்கட் டின்னோடு கொண்டு வந்து, "இதைப் பாப்பாவுக்கு வாசிக்கச் சொல்லிக் கொடுப்பீங்களா?" என்று கேட்டார். வியாழக்கிழமை வகுப்பு அந்தச் சீட்டுகளில்தான் ஆரம்பிக்கிறது. அண்ணா, உங்கள் ரேம்ப்புக்கு அந்த அம்மாவின் மகளே வந்து முதலில் உங்களைப் பேட்டி காணட்டும், எந்த நாள் வசதி என்று சொல்லுங்கள்.